ஜிம்மியின் முன்னேற்ற விழா

எங்கள் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்து வெட்டியவர்கள் ஓய்வு பெறும்போது சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நாய் இரண்டு மாதம் பயிற்சி எடுத்தால் பந்தல் போட்டு, மைக் கட்டி, பொன்னாடை வாங்கி விழா எடுப்பார்கள். நான் பொறாமையில் சொல்லவில்லை. அந்த நாய்களில் ஒன்று எங்களுடையது என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

விழாவுக்குக் காரணமும் எங்கள் ஜிம்மிதான். ஒரு காலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று கையை விரித்துத் தன்னைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் பிரிஞ்சாங் டவுனில் வாங்கிய சாசேஜ். ஜிம்மிக்கு சாசேஜ் வேண்டியிருந்தது, அவளுக்கு வீடியோ வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் வந்த காரியம் முடிந்தது. சாயங்காலத்துக்குள் ‘தேயிலைத் தோட்டத்தில் வெறிநாய்’ என்ற தலைப்பில் மலேசியா முழுவதும் எங்கள் ஜிம்மியைப் பார்த்துவிட்டது. அதன் வாயில் இருந்த சாசேஜை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் லோகேஸ்வரன் எங்கள் லயத்து வீடுகளுக்கே வந்துவிட்டார். புது மேனேஜர். இந்த வருடத் தொடக்கத்தில்தான் பங்களாவுக்குக் குடிவந்தவர். கூடவே கூப்பர் என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சீமை நாய். அதன் முடி என் முடியைவிட நன்றாக இருக்கும்.

“இனிமே லைன்ல இருக்கிற எல்லா நாய்க்கும் ட்ரெயினிங்,” என்றார். “ரெண்டு மாசம் கழிச்சி டெஸ்ட். முதல்ல தாண்டுறது, ஏறுறது, குழாய்க்குள்ள பூந்து வர்றது. அப்பறம் முன்னால சாப்பாட்ட வச்சா, சொல்ற வரைக்கும் தொடாம உக்காரணும். ரெண்டுலயும் பாஸ் பண்ற நாய் இருக்கலாம். இல்லேன்னா அடுத்த திங்கக்கெழமைக்குள்ள தோட்டத்த விட்டு அனுப்பிடணும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், என் கூப்பரும் டெஸ்ட் எடுக்கும்.”

எங்களுக்கு நாயை அனுப்ப ஓர் இடம் இருந்தது. என் கொழுந்தனுக்குத் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அங்கே நாய்களை ஆளுக்கொரு கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். வெயிலோ மழையோ சாகிறவரைக்கும் அந்தச் சங்கிலி போகிற தூரம்தான் உலகம். ஜிம்மி இன்றுவரை கழுத்தில் ஒரு கயிறு கண்டதில்லை. விடிவதற்கு முன்னால் பனிமூட்டத்தில் நான் தேயிலை பேக்டரிக்கு வேலைக்கு நடக்கும்போது எனக்கு முன்னால் அதுதான் நடக்கும். நான் உள்ளே போகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பும். என் மகள் ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு, நான் வீட்டுக்கு வருவதை எதிர்பார்த்திருக்கும் ஒரே ஜீவன் அது. என் வீட்டுக்காரர் எதிர்பார்ப்பது சோற்றை. ஆகவே வீட்டில் திரிங்காப் என்ற பேச்சையே நான் எடுக்கவிடவில்லை.

வீட்டுக்காரர் புனிதன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அன்று மாலையே யூடியூப் பார்த்து நாய்ப் பேராசிரியர் ஆகிவிட்டார். இரண்டு பெயிண்ட் டின்மேல் மூங்கிலை வைத்தார், அது தாண்டுவதற்கு. பழைய பலகையைச் சாய்த்தார், அது ஏறுவதற்கு. பூத்தோட்டக்காரர்கள் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கை வளையத்தில் கட்டிக் குழாய் செய்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட நேரம் கிடைக்காத மனிதர் இவர்.

பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் ஆட்கள் நாயிடம் தமிழில் பேசினால் நாய்க்கு மரியாதைக் குறைவு. “ஜிம்மி, சிட்! ஜிம்மி, கம்! குட் பாய்!” என்று ஊருக்கே கேட்கும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் தலையாட்டுகிறவர், நாயிடம் மட்டும் ஆங்கிலத்தில் பிளந்து கட்டினார்.

நாய்க்கு விளங்கியது ஆங்கிலம் இல்லை, நெத்திலி. ஒருமுறை தாண்டினால் பொரித்த நெத்திலி ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. பிரிஞ்சாங்கில் சாகுல் ஹமீது கடையில் நான் வாரா வாரம் நெத்திலி வாங்குவதைப் பார்த்து, “என்னக்கா, வீட்ல விசேஷமா?” என்று அவர் கேட்டே விட்டார். விசேஷம்தான், எங்கள் வீட்டில் ஒருவர் படிக்கிறார் என்றேன்.

ஜிம்மிக்குக் குழாய் என்றால் பயம். உள்ளே போகாது. செய்து காட்டுகிறேன் என்று புனிதன் தவழ்ந்து உள்ளே போய்ப் பாதியில் மாட்டிக்கொண்டார். ஜிம்மி வெளியே மிக ஒழுங்காக உட்கார்ந்து, அவர் வருவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்று யாருக்குப் பயிற்சி நடந்தது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

ஆனாலும் அது கற்றுக்கொண்டது. முதல்முறை அது குழாயின் அந்தப் பக்கம் வெளியே வந்த நாளில் புனிதன் செருப்பை விட்டுவிட்டு பேக்டரி வரைக்கும் ஓடிவந்தார். “தெலகா, பூந்து வந்துட்டான்! நம்ம பய பூந்து வந்துட்டான்!” என்று மூச்சிரைக்கச் சொன்னார். மகள் பரீட்சை பாசானபோதுகூட அப்படி ஓடிவரவில்லை. தேயிலை சலிக்கிற மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் கையைத் தட்டினேன், எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

லயத்தில் மற்ற நாய்களும் தேறிவந்தன. பக்கத்து வீட்டுக் குமுதாவின் நாய் கோழித் தோலுக்குப் பலகை ஏறியது. இன்னொன்று ஈரலுக்குத் தாண்டியது. மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. டெஸ்டை வெறும் டெஸ்டாக வைக்காமல் ‘முன்னேற்ற விழா’வாகவே வைத்துவிடலாம் என்றார். கோயில் தலைவர் சின்னையா கங்காணியிடம் நாள் குறிக்கச் சொன்னார்.

சின்னையா கங்காணி கணக்கான ஆள். சனிக்கிழமை பெருமாள் பூஜைக்கு எப்படியும் அன்னதானம் சமைக்கிறோம், அதே சாப்பாட்டில் நாய் விழாவையும் முடித்துவிடலாம் என்றார். கோயில் மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற திடலில் பந்தல். மேனேஜர் சரி என்றார், நாங்கள் எல்லோரும் சரி என்றோம். இத்தனை பெரிய மனிதர்கள் கூடிப் பேசியதில் ஒருவருக்கும் ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை.

அது விழா அன்று காலையில் பந்தல் வாசலில் தெரிந்தது. புனிதன் கையில் டின்னோடு வந்தார். கங்காணி மறித்தார்.

“டின்னுல என்னாடா?”

“நெத்திலிங்க. நாய்க்கு.”

“டேய், இன்னிக்குப் புரட்டாசி சனிக்கெழமடா! அன்னதானப் பந்தலுக்குள்ள கருவாட்டத் தூக்கிட்டு வர்றியே, நீயெல்லாம் மனுசனா?”

கோழித் தோலும் ஈரலும் வாசலிலேயே பறிபோயின. நாங்கள் எல்லோரும் மாதம் முழுக்கச் சுத்த சைவம். ஆனால் நாய்களுக்கு யாரும் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்கவில்லை. கூப்பரின் தீனியையும் கங்காணி வாங்கி முகர்ந்து பார்த்தார். சீமைப் பாலாடைக்கட்டி. “பால்தானே, போகலாம்,” என்று விட்டுவிட்டார். எங்கள் நாய்களுக்கு ஆளுக்கொரு உளுந்து வடை கொடுத்தார்கள்.

முதலில் பேச்சு. மேனேஜர் பேசினார், கங்காணி பேசினார், மைக் கட்டியவர்கூடச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் பேசினார். மூன்று பேருக்கும் பொன்னாடை. அதற்குப் பிறகு நாய்கள்.

“ஜிம்மி, கம்!” என்று புனிதன் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று வடையை நீட்டினார். ஜிம்மி முகர்ந்தது, அவர் முகத்தைப் பார்த்தது, இன்னொரு முறை முகர்ந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. “கம்டா, கம்டா ராசா,” என்று அவர் கெஞ்சினார். ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. குமுதாவின் நாய் பலகையைச் சுற்றிக்கொண்டு போய் அதன்மேல் காலைத் தூக்கியது. ஈரல் நாய் குழாய்க்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது. கூப்பர் தாண்டியது, ஏறியது, பூந்து வந்தது, பாலாடைக்கட்டியைத் தின்றது. திடலே கைதட்டியது. புனிதன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்தது சாப்பாடு. ஒவ்வொரு நாய்க்கும் முன்னால் வாழை இலையில் ஒரு வடை, நெய் ஒழுகுகிற சர்க்கரைப் பொங்கல். “ஸ்டே!” என்றார் மேனேஜர். எங்கள் நாய்கள் அசையவில்லை. அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

கூப்பருக்கோ பங்களாவில் பொங்கல் கிடைத்ததில்லை போலிருக்கிறது. முதலில் நாக்கை நீட்டியது. பிறகு தன் இலையை வழித்தது, ஜிம்மி இலையை வழித்தது. ஜிம்மி நாகரிகமாக நகர்ந்து இடம் கொடுத்தது. கடைசி இலை வரைக்கும் கூப்பர் பாக்கி வைக்கவில்லை.

கங்காணி மைக்கைப் பிடித்தார். அவருக்குக் கிண்டல் தெரியாது, ரூல் மட்டும்தான் தெரியும். “அப்ப தொரை நாயும் திங்கக்கெழம கெளம்புதுங்களா?”

மேனேஜர் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் கூப்பரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடும்பம் கோலாலம்பூரில் இருக்கிறது. அந்தப் பெரிய பங்களாவில் அவருக்குத் துணை அந்த நாய் ஒன்றுதான். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம், வேறு கணக்கு எதுவும் என் மனசில் இல்லை.

எழுந்து நின்றேன். “சார், நான்தான் பின்னாலேருந்து சாப்பிடு சாப்பிடுன்னு கைய காட்டுனேன். நாய் மேல தப்பில்ல.”

மேனேஜருக்கு உயிர் வந்தது. உயிரோடு மைக்கும் கைக்கு வந்தது. “பாத்தீங்களா? நாய்க்கு டிசிப்ளின் சொல்லிக் குடுத்துடலாம். மனுசங்களுக்குத்தான் முடியல. பப்ளிக் ஒத்துழைக்கணும்,” என்று என்னைப் பார்த்தே ஒரு பாடம் நடத்தினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கூட்டத்தில் சிலர் என்னைப் பார்த்துத் தலையில்கூட அடித்துக்கொண்டார்கள்.

பிறகு முடிவை அறிவித்தார். கூப்பர் இரண்டிலும் பாஸ், ஏனென்றால் நடுவில் பப்ளிக் தலையிட்டுவிட்டது. லயத்து நாய்கள் எல்லாம் சாப்பாட்டில் பாஸ், தாண்டுவதில் பெயில். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரூல் ரூல்தான். திங்கக்கெழமைக்குள்ள அனுப்பிடுங்க,” என்றார். ஆறுதல் பரிசாக ஆளுக்கொரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள். தினமும் அதைச் சலித்துவிட்டு வருகிற எனக்கும் ஒன்று.

புனிதன் பொட்டலத்தை வாங்கவில்லை. ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அதுவோ விளையாட்டு என்று நினைத்து அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நேராகப் போய் மேனேஜர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“சார், நான் சொன்னது பொய். நான் கையும் காட்டல, ஒண்ணும் காட்டல. ஒங்க நாய் தானாத்தான் தின்னுச்சி. ஒங்க மொகத்தைப் பாத்துட்டுத்தான் நான் பொய் சொன்னேன். இப்ப எங்க வீட்டுக்காரர் மொகத்தை நீங்க பாருங்க.”

அவர் பார்த்தார். அவர் மட்டும் இல்லை, திடலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். புனிதன் நிமிரவே இல்லை. மேனேஜர் தன் நாயைப் பார்த்தார், எங்கள் நாயைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் நீட்டிய மைக்கை மெதுவாக வாங்கினார்.

“இது... முன்னேற்ற விழா,” என்றார். “பாஸ் பெயில் பாக்குற விழா இல்ல. எல்லா நாயும் நல்லா முன்னேறியிருக்கு. எல்லாம் இங்கயே இருக்கட்டும்.”

“அப்ப ரூலு?” என்றார் கங்காணி, விடாமல்.

“பாத்துக்கலாம் லா, கங்காணி.” நாங்கள் எல்லோரும் பேச்சுக்குப் பேச்சு போடுகிற ‘லா’, இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்முறை.

எல்லோரும் கைதட்டினார்கள். மீதமிருந்த பொன்னாடையைக் கங்காணி மேனேஜருக்கே இன்னொரு தடவை போர்த்தினார், பெருந்தன்மைக்காக. புனிதன் பக்கத்தில் போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். கையில் ஒட்டியிருந்த வடையை அவர் எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தார். நாங்கள் தின்றோம். ஜிம்மி என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது, நான் அத்தனை பேருக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.