உலர்த்துக் கொட்டகைத் தீ

1997ஆம் வருஷம் ஆயுத பூசையன்று கோவில்பட்டியில் பூவனநாதனின் தீப்பெட்டி ஆபீசில், உலர்த்துக் கொட்டகையில் பிடித்த தீ 2006 ஆகியும் அணையவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் தண்ணீர் அடித்து அடித்து ஊருணியைத்தான் வற்ற வைத்தார்கள். தீ பரவவும் இல்லை, கொட்டகையைத் தின்னவும் இல்லை. ஓலை ஓலையாகவே இருந்து எரிந்தது. உள்ளே போர்மேன் லிங்கராஜின் மனைவி சீனித்தாய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். செத்தவள் என்று ரேஷன் கார்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு ‘தீ ஸ்டாப்’ என்று டிக்கெட் கிழித்தார்கள். அடைமழைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியை அந்தச் சுவரோரம் கொண்டுவந்து காயப்போட்டார்கள்.

தீப்பெட்டி ஆபீசில் ஆயுத பூசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சூடத்தை வெளிவாசலில் மட்டும்தான் கொளுத்துவார்கள். மருந்துக் குச்சி காயும் இடத்துக்குத் தட்டு போகும்போது, கொளுத்தாத சூடம்தான் போகும். சாமியும் இத்தனை வருஷமாக அதில் குறை கண்டதில்லை. அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டதால் முதலாளி பூவனநாதனுக்கு மனசு கேட்கவில்லை. “பத்தவைக்காத சூடத்தக் காட்டுனா சாமி எப்படிலே கண்ணத் தொறக்கும்” என்று சொல்லி, கொட்டகைக்குள் லிங்கராஜ் ஏந்தியிருந்த தட்டில் தானே குச்சியைக் கிழித்து வைத்தார். காற்று வந்தது. மற்றதை ஊரே பார்த்தது.

வழக்கு லிங்கராஜ் மீது வந்தது. வக்கீலை ஏற்பாடு செய்தவர் முதலாளி. “நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். “சரி அண்ணாச்சி” என்று தலையாட்டிய லிங்கராஜ், விசாரணை முழுக்க வாயே திறக்கவில்லை. கோர்ட்டில் அவருக்குப் படித்துக் காட்டிய குற்றச்சாட்டு இவ்வளவுதான்: அந்த வருஷத்தில் ஒரு நாள், ஏதோ ஒரு கவனக்குறைவான செயலால் தீ உண்டாக்கி ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானார். எந்த நாள், என்ன செயல் என்று அதில் இல்லை. எழுதியிருந்தால் சூடம் வந்திருக்கும். சூடம் வந்தால் குச்சி வரும், அதைப் பிடித்த கை வரும். இரண்டு வருஷம் தண்டனை போட்டார்கள்.

ஜாமீனில் வந்தவர் வேறு வக்கீலாக, செய்யது அலியைத் தேடிப் போனார். குற்றச்சாட்டைப் படித்த செய்யது அலி வாய்விட்டுச் சிரித்தார். “என்ன செஞ்சாருன்னே சொல்லாம ஒரு மனுசனுக்குத் தண்டனை குடுத்திருக்காவ. ஒரு காரியம் இன்னதுன்னு எழுதுனாத்தான வே அது முடியும்” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். லிங்கராஜ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கொளுத்தியது இன்னார் என்று ஒரு கோர்ட் சொல்லிவிட்டால் தீ அணையும், அவளை வெளியே எடுத்துக் காரியம் செய்யலாம். ஜெயிலைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, பாவம்.

மேல்முறையீடு வருஷக்கணக்கில் கிடந்தது. அதற்குள் லிங்கராஜின் தலை முழுக்க நரைத்துப்போனது. பூவனநாதன் கொட்டகையைச் சுற்றி மதில் எழுப்பி, பக்கத்திலேயே புது ஆபீஸ் கட்டினார். 2006இல் மதுரை ஹைகோர்ட்டில் வழக்கு எடுக்கப்பட்டது. கீழ்க்கோர்ட்டில் குற்றச்சாட்டில் விவரமே இல்லை என்ற ஆட்சேபணையை ஏன் கிளப்பவில்லை என்று அரசுத் தரப்பு மடக்கிப் பார்த்தது. எதை எதிர்த்து வாதாடுகிறோம் என்றே தெரியாதவன் எதை ஆட்சேபிப்பான் என்று செய்யது அலி கேட்டார். நீதிபதிக்கு அது சரியாகப் பட்டது. குற்றச்சாட்டில் குற்றமே இல்லை, தண்டனை ரத்து. அரசு விரும்பினால் புதிதாகக் குற்றம் சாட்டி விசாரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

அரசு விரும்பவில்லை. ஒன்பது வருஷத்துப் பழைய கேசை யார் கிளறுவார்கள். செய்யது அலி மிட்டாய்ப் பெட்டியை நீட்டினார். லிங்கராஜ் வாங்கவில்லை.

“அப்போ யாரு கொளுத்துனதுன்னு?”

“அத இனி ஒருத்தரும் கேக்கமாட்டாவ அண்ணாச்சி. நீங்க போகலாம்.”

தீர்ப்பு வந்ததும் கொட்டகை இருந்த தெருவுக்கு மட்டும் விளக்குக் கம்பம் வேண்டாமென்று முனிசிபாலிட்டியில் முடிவாயிற்று. அதுதான் நிரந்தர வெளிச்சம் இருக்கிறதே. லிங்கராஜ் பஸ்ஸை விட்டு இறங்கி, மதிலின் இடைவெளி வழியாக உள்ளே பார்த்தார்.

“ஏட்டி, என்னைய விட்டுட்டாவ” என்றார்.

சீனித்தாய் திரும்பவில்லை. அவளுக்குக் கைவேலை இருந்தது.