இரும்புப் பெட்டியும் இரண்டு அட்டைகளும்

ஸ்பெயினின் குவென்கா நகர ஆவணக் காப்பகத்தில், மதம் பிறழ்ந்தவர்களைத் தண்டித்த பழைய கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் வழக்குக் கட்டுகளை இருபத்தாறு வருடமாகப் படித்துவருபவள் கசில்தா. அவள் தம்பி ஃப்ரொய்லான் கடைத்தெருவில் சித்திரவதைக் கண்காட்சி திறந்தான். நடுக்கூடத்தில் ஆள் உயர இரும்புப் பெட்டி, உள்ளே நீள நீள முட்கள்.

"இதை எங்கடா பிடிச்ச?"

"வலென்சியாவுல ஒருத்தன் வித்தான். நம்ம மதவிசாரணைக்காரங்க ஆளை உள்ள தள்ளி மூடுவாங்களாம்."

"அவங்க இதைக் கண்ணால பாத்ததில்லடா. அவங்க ஓஞ்சுபோற காலத்துல ஜெர்மனியில எவனோ வேடிக்கை காட்டச் செஞ்சது."

"ஜனங்க இதைப் பாக்கத்தான் வர்றாங்க அக்கா. உன் காகிதத்தைப் பாக்கவா?"

பேசிப் பயனில்லை என்று கசில்தா ஓர் அட்டை எழுதிப் பெட்டியருகே மாட்டினாள்: 'பார்த்தோலொமே, கோவேறுகழுதை ஓட்டி. செபத்தைக் கேலி செய்தான். தண்டனை: மெழுகுவர்த்தி ஏந்தி ஒரு பூசை காண வேண்டும். பல வழக்குகள் இப்படி முடிந்தன.'

மூன்றாம் நாள் நகரமன்ற உறுப்பினர் எவாரிஸ்தோ வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தனை காலமா வெளிநாட்டுக்காரன் நம்ம மேல சேத்தை வாரி இறைச்சான். நம்ம முன்னோர் பத்தரைமாத்துத் தங்கம்னு காட்டிட்டீங்கம்மா."

"நான் எங்கய்யா அப்படி எழுதினேன்? ஒரு பொய்யைப் பொய்யின்னு சொன்னா, செஞ்சதெல்லாம் இல்லேன்னு ஆயிடுமா?"

அன்று மாலையே இரண்டாவது அட்டை ஏறியது: 'லெயொனோர், நெசவுக்காரி. சனிக்கிழமை தறியில் உட்காரவில்லை, பன்றிக்கறி தொடவில்லை, ரகசியமாக யூத மதத்தைப் பேணுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எரித்தார்கள்.'

அதன்பிறகு எவாரிஸ்தோ அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார். ஃப்ரொய்லானுக்கும் பொறுக்கவில்லை.

"நல்லவங்கன்னு சொல்லு, இல்ல கெட்டவங்கன்னு சொல்லு. ரெண்டையும் சொன்னா வர்றவன் குழம்பறான்."

"குழம்பட்டுமே. படிக்கிற எனக்கு மட்டும் தெளிவாவா இருக்கு? பெட்டி வேணுமா, என் அட்டை வேணுமா, ஒண்ணைச் சொல்லு."

அவன் பெட்டியைத்தான் வைத்துக்கொண்டான்.

கசில்தா அட்டைகளைக் கழற்றிவந்து காப்பக நடையில், காப்பி எந்திரத்துக்கு மேலே ஒட்டினாள். காப்பிக்கு வருபவர்கள் சில்லறையைத்தான் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து, வீட்டுப் பத்திர நகல் வாங்க வந்த ஒரு பெண் கோப்பையை ஆறவிட்டு அட்டை முன் நின்றாள். அவ்வழி வந்த கசில்தாவைக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரின்னு போட்டிருக்கே, அவ ஏன் போய்ச் சொன்னா?"

இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

"பொதுக் கிணத்துல யாரு முதல்ல தண்ணி எடுக்கிறதுன்னு சண்டை. உக்காருங்க, அந்த வழக்குக் கட்டை எடுத்துட்டு வர்றேன்" என்றாள் கசில்தா.