எல்லாருக்கும் ஒரே வால்யூம்

என் மனைவி பாடுவாள். சுருதி அவளுக்குத் தூரத்துச் சொந்தம். பெயர் தெரியும், போக்குவரத்து கிடையாது. அந்தக் குறையைச் சத்தத்தில் ஈடுகட்டுவாள்.

எங்கள் சலவைக் கடைச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அவள் போனிலிருந்து நாள் முழுக்கப் பாட்டு ஓடும். இஸ்திரி மேசையில் அவள் அண்ணன், கவுன்டரில் அவள் அம்மா, பின்னறையில் மிஷின்களோடு நான். படித்தது எலெக்ட்ரானிக்ஸ், துவைப்பது சட்டைக் காலர். ஒருநாள் அவள் போனை வாயோடு ஒட்டிவைத்து ஒரு பாட்டைக் கத்திப் பதிவு செய்தாள். அதைப் பெரிய பாடகர்களின் பாட்டுகளுக்கு நடுவே சொருகிவிட்டாள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புல்லாங்குழல் இழைந்துகொண்டிருக்கும், அடுத்த நொடி இவள். கடையே துள்ளும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

போன வருடம் செத்துப்போனாள். பாட்டு மிச்சம்.

அதன்பின் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு, வெயில், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் ஒன்றுதான். அந்தப் பாட்டு வெடிக்கும்போது மட்டும் நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொள்ளும். சரி, உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன்.

போன வாரம் அது வெடித்தபோது மச்சான் துள்ளிய துள்ளலில் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில் இஸ்திரிப்பெட்டியின் முழு உருவமும் பதிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பாட்டு மறுபடி வந்தது. வந்ததே தெரியவில்லை. புல்லாங்குழலுக்கு அடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டிப் பாடினாள். பாதி ஓடிய பிறகுதான் அவள் என்று உறைத்தது. நெஞ்சு அசையவில்லை.

"மச்சான், போன்ல என்ன பண்ணீங்க?"

"வால்யூம் நார்மலைசேஷன்னு ஒண்ணு இருந்துச்சு மாப்ள. தட்டி விட்டேன். இனிமே எல்லாருக்கும் ஒரே வால்யூம். சமத்துவம்!"

"எடுத்துடுங்க. சவுண்டு குவாலிட்டி போயிடும்."

"எப்படி?"

படித்த படிப்பை முதல்முறையாகக் கடையில் அவிழ்த்துவிட்டேன். "உச்சமெல்லாம் அமுங்கிடும். பாட்டோட மேடு பள்ளம் போயி, ரோடு ரோலர் ஏறின மாதிரி ஆயிடும்."

பொய். சத்தத்தை ஒரேயடியாக ஏற்றுகிற சில ஆப்கள் அப்படி அமுக்குவதுண்டு. இது அப்படியில்லை. ஒரு பாட்டு முழுவதற்குமாக வால்யூம் குமிழைக் கொஞ்சம் கூட்டும், அல்லது குறைக்கும். அவ்வளவுதான். பாட்டுக்குள் கை வைக்காது.

மச்சான் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "அவ பாட்டுல என்ன மாப்ள குவாலிட்டி? பாடின அன்னைக்கே கிழிஞ்சது."

அதுவும் உண்மை. மைக் தாங்காமல் அவள் குரல் பதிவிலேயே கிழிந்திருந்தது. சத்தத்தைக் குறைத்தால் கிழிசல் தைக்கப்படாது. கிழிந்த சட்டையை மடித்து வைத்த மாதிரி, அவ்வளவுதான்.

"உண்மையைச் சொல்லு. என்ன பிரச்சினை உனக்கு?"

"எனக்குத் திடுக்குன்னு ஆக மாட்டேங்குது."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இவ்ளோதானா? தினமும் பின்னாடி வந்து நான் 'பே'ன்னு கத்தறேன். சட்டைங்களை விட்டுடு."

"நீங்க கத்தினா சிரிப்புதான் வரும்."

"சிரியேன். யாரு வேணாங்கறா?"

அவர் ஒரு காலரை எடுத்தார், நீவினார், திரும்ப வைத்தார்.

"சட்டைக்காக மட்டும் இல்ல மாப்ள. அவ அப்படிக் கத்தினா, உள்ளேருந்து வந்துடுவாளோன்னு கதவைப் பாக்கறேன். அப்புறம் அன்னைக்குப் பூரா எனக்குக் கை ஓடறதில்ல."

இது எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டிய அடி அவருக்கு வலி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு குமிழ் எந்த ஆப்பிலும் இல்லை.

"நீங்க மிஷினுக்குப் போங்க மச்சான்," என்றேன். "அது சுத்தற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. பெட்டியை நான் புடிக்கிறேன்."

"உனக்குத் தேய்க்கத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

"ஊர்ச் சட்டையிலயா? நல்லா இருக்கு நியாயம்!" திட்டிக்கொண்டே போனை என் கையில் வைத்தார். தோள் துண்டை உதறிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார்.

அந்த நார்மலைசேஷனை அணைத்தேன். அன்று முழுக்க அவள் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்று கால்சட்டைகளில் இரட்டை மடிப்பு விழ வைத்தேன்.

அடுத்த நாள், திரைச்சீலை சலவைக்குப் போட வந்த ஒரு டீச்சருக்கு அத்தை ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது வெடித்தாள். கையிலிருந்த பெட்டி துணியை விட்டு ஒரு முழம் எழும்பியது. நெஞ்சு காதுவரை அடித்தது. பின்னறையில் மிஷின் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சரின் பை கீழே விழுந்திருந்தது. "ஐயோ! யாருங்க இது?"

"என் பொண்ணு," என்றாள் அத்தை, எழுதுவதை நிறுத்தாமல்.

"கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பாத்தாச்சும்மா. கேக்க மாட்டா." ரசீதைக் கிழித்து நீட்டினாள். "சனிக்கிழமை வாங்க."