சிவப்புத் துளியில் ஒரு படிகம்

மார்னியின் படிகம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காக அவள் இரண்டரை ஆண்டுகள் உழைத்திருந்தாள். முதல் படிகத்தைக் கண்டவர், மற்ற எல்லோருக்கும் தேங்காய்ப்பூ புரட்டிய லாமிங்டன் கேக் வாங்கித் தர வேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். அன்று காலை ஒரு பெட்டி வாங்கித் தேநீர் அறையில் வைத்திருந்தாள்.

படிகமாக வேண்டியது, யூகலிப்டஸ் இலை தின்னும் கோலா விலங்கின் கல்லீரல் புரதம் ஒன்று. அமினோ அமிலங்கள் நானூற்றுச் சொச்சம் கோத்த சங்கிலி. தன்னைத்தானே மடித்துச் சுருட்டிக்கொண்டு நடுவே ஒரு குழி விடும். குழிக்குள் ஓர் இரும்பணு. அந்த இலையின் நஞ்சு அங்கே வந்து பொருந்தினால் அதன் கதை முடிந்தது. மடிப்புக் குலைந்தால் சங்கிலி அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. மார்னி அதைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்யவைத்துப் பிரித்தெடுத்திருந்தாள். குழியின் வடிவத்தைக் காண, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்ச வேண்டும். அந்தக் கதிரை உண்டாக்கும் பெரிய வளையம் சாலைக்கு எதிரே இருந்தது; அதில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் முறை. அடுத்த முறை ஐந்து மாதம் கழித்து. அவளுடைய ஆய்வுக்காலமோ நான்கு மாதத்தில் முடிகிறது.

ஒவ்வொருவராக வந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

"அடிப்பாவி, சாதிச்சுட்டியே!" என்றாள் பக்கத்து மேசை டாம்சின். "எனக்குப் படிகம் ஊசி ஊசியா வந்து நிக்குது. உனக்கு வைரம்."

"ஊசியிலயும் ஒண்ணு ரெண்டு தேறும், போடி."

கடைசியாக ஸ்டாவ்ரோ வந்தார். இருபது ஆண்டுகளாகக் குளிரறையையும் கருவிகளையும் பார்த்துக்கொள்பவர். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

"நல்லதுதானே?"

"நான் கருவி தொடைக்கிற ஆளு. எனக்கென்ன தெரியும்? தேங்காப்பூ இல்லாத லாமிங்டன் ஒண்ணு வாங்கக் கூடாதா?"

அவர் போன பிறகும் மார்னி எழவில்லை. படிகத்துக்கு ஏன் நிறமில்லை என்ற கேள்விக்கு, அது தோன்றிய மூன்று வாரமாக அவளிடம் பதில் இருந்தது: சின்னப் படிகம், மெல்லியது, நிறம் தெரியாது. யாரும் கேட்காததால் சொல்ல நேரவில்லை.

குளிரறைக்குப் போய்த் தன் புரதம் இருந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துருவின் சிவப்பு. உள்ளே இரும்பு இருப்பதால் வரும் நிறம். திரும்பி வந்து மறுபடி குனிந்தாள். படிகத்தில் சாயமே இல்லை. அதைச் சுற்றியிருந்த துளி முழுக்கச் சிவப்பு. அவளுடைய புரதம் மொத்தமும் படிகத்துக்கு வெளியே இருந்தது. பிரித்தெடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒரு பாக்டீரியாப் புரதம், இறுக்கமாக மடிந்தது, வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகிவிட்டது.

குறிப்பேட்டைத் திறந்தாள். தேதி, வெப்பநிலை, உப்பின் அளவு, உருவம், எல்லாம் எழுதியிருந்தது. நிறம் என்ற கட்டம் மட்டும் காலி.

இரண்டு மணிக்கு வளையத்துக்குப் போகலாம். மாலைவரை யாருக்கும் தெரியாது. மாலைவரை அது அவளுடையதாகவே இருக்கும். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தேநீர் அறைக்குப் போனாள்.

"டாம்சின், உன் ஊசி என்ன நிறம்?"

"மஞ்ச."

"உன் புரதம்?"

"அதுவும் மஞ்சதான். ஏன்?"

"ரெண்டு மணிக்கு நீ போ."

"விளையாடாதடி. அப்ப உன் வைரம்?"

"என்னோடது இல்ல. என்னோடது சிவப்பு."

ஸ்டாவ்ரோ கரண்டியால் தேங்காய்ப்பூவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த லாமிங்டன்?" என்றாள் டாம்சின், மெதுவாக.

"சாப்பிடு. பாக்டீரியா வாங்கிக் குடுத்ததுன்னு வெச்சுக்க."

தன் மேசைக்குத் திரும்பிக் காலிக் கட்டத்தில் எழுதினாள்: படிகம், நிறமில்லை. கீழே இடம் இருந்தது. துளி, சிவப்பு என்றும் எழுதினாள். துளி இருந்த தட்டை மூடிக் குளிரறையில் பழைய இடத்திலேயே வைத்தாள்.