பத்துக்கு ஒரு டிக்கெட்

இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பதாவது பருந்தோடு அவள் கையிலிருந்த எண்ணும் கருவி செத்துப்போனது.

கட்டைவிரல் அழுத்தியது. பொத்தான் உள்ளே போனது. திரும்பி வரவில்லை. பருந்துகளோ யாருக்காகவும் நிற்பதாக இல்லை. எதிர் மலையின் டவருக்கு மேலே, கயிறு பிடித்ததுபோல ஒரே வரிசையில் வடக்கே போய்க்கொண்டிருந்தன.

கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் போச்சு.

"என் பைய எடு," என்றாள் வானத்தைப் பார்த்தபடியே. "சைடு ஜிப்ல பழைய டிக்கெட் கட்டு இருக்கும். கையில குடு."

"டிக்கெட்டா?" என்றாள் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த நாத்தனார். "எந்த ஸ்டாப்புல இறங்குதாம் அண்ணி?"

"குடுடி. பதினேழு, பதினெட்டு... மொத டிக்கெட் நம்பர எழுதிக்கோ."

"முன்னூத்தி ஒண்ணு."

கட்டு கைக்கு வந்தபோது வாய்க்குள் இருபது ஆகியிருந்தது. இரண்டு டிக்கெட்டைச் சேர்த்துக் கிழித்தாள். பத்துப் பறவைக்கு ஒரு டிக்கெட். டிக்கெட் மெஷின் வந்த பிறகு செல்லாமல் போன கட்டு அது. தூக்கிப் போட மனம் வராமல் பையிலேயே கிடந்தது.

பத்தொன்பது வருஷமாகப் பஸ் கண்டக்டர் அவள். மூச்சு விட இடமில்லாத வண்டியில் பின்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் தலைக்கணக்கு சொல்லிவிடுவாள். நடுவழியில் ஏறிய எந்தச் செக்கராலும் இதுவரை அவள் கணக்கில் ஒரு தலைகூடத் தப்புக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. வைத்துக்கொள்ளட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

வருஷம் முழுக்க லீவைச் சேர்த்துவைத்து, வசந்தம் வந்ததும் மூன்று வாரம் இந்த முகட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாள். குளிர்காலத்துக்குத் தெற்கே போன பருந்துகள் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பும் வழி இது. பறவைக் கழகத்துக்காக எண்ணிக் கொடுக்கும் வேலை. கூலி கிடையாது, பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம்.

போன வசந்தத்தில் ஒரே நாளில் ஐயாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. இந்த முகட்டில் அதற்குமுன் யாரும் எழுதாத எண். தலைமை அலுவலகம் அதன்மேல் சிவப்புக் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பியது. 'சுழலுக்குள் எண்ணியிருக்கிறார். நம்பத்தக்கதல்ல.'

வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று எழும். பருந்துகள் அதற்குள் புகுந்து, சிறகசைக்காமல் வட்டமடித்து மேலே போகும். அந்தச் சுழலுக்குள் எண்ணினால் ஒரே பறவை நாலு தடவை கணக்கில் வரும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. உச்சியிலிருந்து பிரிந்து, டவரைத் தாண்டும்போதுதான் எண்ண வேண்டும். இது அவளுக்குத் தெரியாதாம்!

இன்று அதற்குத் தீர்ப்பு. இருநூறு அடி தள்ளி, முகட்டின் மறுகோடியில், தலைமை அலுவலகத்து அதிகாரி தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். இருவர் எண்ணும் நூற்றுக்கு இரண்டுக்குள் ஒத்துப்போனால் அந்தச் சிவப்புக் கோடு அழியும். போகாவிட்டால் அவள் இனி இங்கே வேடிக்கைதான் பார்க்கலாம்.

"அண்ணி, சூரியனுக்கு வலப்பக்கம்," என்றாள் நாத்தனார் திடீரென்று. "இன்னொரு வரிசை பிரியுது பாருங்க."

ஆமாம். கண் கூசும் இடத்தில், பொடிப்பொடியாக. இடது கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. கிழித்தாள், கிழித்தாள்.

காற்று ஒரு வீச்சு வீசியது. மடியில் கிடந்த டிக்கெட்டெல்லாம் பறந்தன. நாத்தனார் நாலு காலில் பாய்ந்தாள்.

"விடு, போகட்டும்."

"ஐயோ, கணக்கு போகுதே அண்ணி."

"கட்டுல மேல நிக்கிற நம்பர் போகாதுல்ல. ஒக்காரு."

நாத்தனார் முட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "தையக்காரியக் கூட்டிட்டு வந்து மலையில உருளவிடுறீங்க."

"நான் எங்க கூப்பிட்டேன்? கடையில கரன்ட் இல்லன்னு நீதான் ஒட்டிக்கிட்டு வந்த."

"சரி சரி, கழுகப் பாருங்க."

"பருந்து."

அரை மணியில் வானம் காலியானது. கடைசிப் பறவை டவரைத் தாண்டியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நம்பர்?"

"முன்னூத்தி எம்பத்தொம்போது மேல நிக்குது."

"அப்போ எம்பத்தெட்டு டிக்கெட் கிழிஞ்சிருக்கு. எண்ணூத்தி எண்பது. கையில உதிரி ஆறு. அந்த ரெண்டாயிரத்து எழுநூத்தி நாப்பதோட கூட்டு."

மூவாயிரத்து அறுநூற்று இருபத்தாறு.

அதிகாரி தொப்பியைக் கழற்றியபடி நடந்து வந்தார். கழக வழக்கப்படி இருவரும் சீட்டை மடித்து ஒரே சமயத்தில் மாற்றிக்கொண்டார்கள். அவர் சீட்டில் மூவாயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது.

ஏழு. வெறும் ஏழு வித்தியாசம்.

அதிகாரி இரண்டு சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "சூரியன் பக்கத்துல ஒரு வரிசை பிரிஞ்சுதே, அதுல எனக்குக் கண்ணு கூசிடுச்சு. அந்த ஏழு உங்களோடதுதாம்மா." பதிவேட்டைத் திறந்து, போன வருஷத்துச் சிவப்புக் கோட்டுக்குமேல் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நீங்களும் போடுங்க."

போட்டாள். முழுப் பெயரையும், இடம் போதாமல் கட்டத்தைத் தாண்டி.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். "இவ்ளோ தூரம் வந்து செக் பண்ற அளவுக்கு என் மேல கம்ப்ளெயின்ட் குடுத்தது யாரு சார்?"

"உங்க மேலயா?" அவர் சிரித்தார். "எங்க மேலம்மா. மாசம் ஒண்ணுன்னு பதினோரு லெட்டர். பேர் போடல. தொல்லை தாங்காமத்தான் வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிரித்தாள். 'எண்ணினவங்களக் கேக்காம அவங்க கணக்குல கோடு கிழிச்சிட்டீங்க. ஒரு நாள் வந்து கூட உக்காந்து எண்ணிப் பாருங்க. உங்க கண்ணு தோத்துப்போகும்.'

பின்னால் நாத்தனார் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுகிவிட்ட மூடி.

கண்டக்டர் தாளைத் திருப்பினாள். மறுபக்கத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது: தோள், மார்பு, இடுப்பு, கை நீளம்.