ஸ்ரீஸ்கந்தராசா சுற்று

இத்தால் சகலரும் அறியவேண்டியது: கொழும்பு மாநகரின் வடக்கே, களனி ஆற்றுக்கு அப்பால், ஹெந்தளைக் கால்வாயின் கரையோரம் ஒரு பாதை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரன் காலந்தொட்டு அந்தக் கால்வாயும், அதன் கரையும், கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு குந்தியிருப்பவர்களும் அங்கேயே இருந்துவந்தது வேறு விடயம். இறுக்கமான பளபளச் சட்டை போட்ட ஒருவர் கார்பன் சைக்கிளில் போகும்வரை எந்தப் பாதையும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொள்ளமுடியாது. கண்டுபிடித்தவர், வெள்ளவத்தை விடிவெள்ளி சைக்கிளோட்டக் கழகத்தின் தலைவரும் ஓய்வுபெற்ற காப்புறுதி முகாமையாளருமாகிய திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்கள். பாதையின் பெயர், ஸ்ரீஸ்கந்தராசா சுற்று.

கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் இந்த அறிவிப்பு வந்தபோது அலவி ஜித்தா விமான நிலையத்தில், உம்றா யாத்திரை முடித்து, பேரீச்சம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மக்காவில் அவன் தனக்குத் தீங்கு செய்த எல்லோரையும் மனதார மன்னித்திருந்தான். அதில் ஸ்ரீஸ்கந்தராசா சேரவில்லை. அவர் அப்போதுதான் செய்துகொண்டிருந்தார்.

அலவிக்குக் கொட்டாஞ்சேனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க மற்றவர்களின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தன் கண்ணுக்கு ஏதாவது காட்டலாம் என்று சைக்கிளை எடுப்பான். கிராண்ட்பாஸ் நெரிசலுக்குள் புகுந்து, பாலம் தாண்டி, வத்தளை தாண்டி, எந்தச் சந்தியில் திரும்பினால் பஸ் ஹோர்ன் கேளாது, எந்த வளவில் நாய் துரத்தும், எந்த மதகு மழைக்கு மூழ்கும் என்று ஒவ்வொரு கிழமையாகத் தேடி அந்தக் கால்வாய்ப் பாதையை அவன்தான் கோத்தெடுத்தான். ஏனென்றால் கழகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வழியை முதலில் தானே ஓடிப் பார்த்து, பிறகு கழகத்தாரைக் கூட்டிக்கொண்டு போகிறவரின் பெயர் அந்த வழிக்கு. பல் டொக்டர் அருந்ததிக்கு பொல்கொட வாவிப் பக்கம் ஒரு வளைவு இருந்தது. அலவிக்கு ஒரு முடுக்குக்கூட இல்லை. அலவி சுற்று என்று நாலு பேர் சொல்லிக் கேட்கவேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான்.

உம்றாவுக்குப் போக முதல்நாள் அவன் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். "வந்ததும் எல்லாரையும் கூட்டிட்டுப் போவம் சேர்." தலைவர் அவன் தோளில் தட்டி, "ஓம் ஓம், நீர் போய் வடிவாத் தொழுதிட்டு வாரும்" என்றார். பிறகு, ஓட்டங்களைக் கழகத்தார் எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் கோடாகப் பதிகிற செயலியில் அலவி போட்டுவைத்திருந்த பாதைக்கோட்டை அப்படியே தன் தொலைபேசிக்கு இழுத்து, அவன் திரும்புமுன்னரே கழகத்தாரைக் கூட்டிக்கொண்டும் போய்விட்டார்.

திரும்பி வந்த கிழமை கழகக் கூட்டம். தலைவர் அலவியின் பேரீச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே கண்டுபிடிப்பின் வரலாற்றைச் சொன்னார். எத்தனை விடியற்காலைகள், எத்தனை பஞ்சர்கள், இயற்கையன்னை எப்படித் தன்னோடு கதைத்தாள் என்பதெல்லாம் சொன்னார். முடிவில் விதையைத் துப்பிவிட்டு, "வழமையா எங்களுக்கு ரோல்ஸ் கொண்டுவாற அலவிக்கும் இந்த இடத்தில நன்றி சொல்லவேணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அலவியும் தட்டினான்.

வீட்டில் மனைவி மர்லியா கேட்டாள். "என்ன, வந்ததிலேந்து சோத்த இப்பிடிப் பிசையிறீங்க? அது என்ன பாவம் செஞ்சிச்சி?"

"ரோல்ஸாம்."

"என்ன ரோல்ஸ்?"

"நான் ரோல்ஸ் கொண்டுவாற ஆளாம்."

"பொய்யா? நான்தானே சுட்டுக் குடுக்கிறன். எனக்கெண்டா ஒருத்தரும் நன்றி செல்ல இல்ல."

அன்றிரவு அலவிக்கு நித்திரை வரவில்லை. காலையில் கடையைத் திறந்து மேசை லாச்சியை இழுத்தபோது பழி வாங்கும் வழி அதற்குள் கிடந்தது. தலைவர் ஓடர் கொடுத்து, எடுக்க வராமல் போன மூக்குக்கண்ணாடி. கிட்டத்தில் இருப்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வாசிப்புப் பரிசோதனை அட்டையில் கடைசி மூன்று வரிகளையும் அவர் ஊகித்தே வாசித்தார். ஆனால் கண்ணாடி போட்டால் வயது தெரியும், ஹெல்மட்டுக்கும் எடுக்காது. தொலைபேசியில் வரைபடத்தைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்ப்பார். கோடு நீலம். தண்ணீரும் நீலம்.

அடுத்து வந்த பௌர்ணமி, போயா விடுமுறையில் அலவி சைக்கிளோடு ஹெந்தளை தாண்டி போப்பிட்டியவுக்குப் போனான். முத்துராஜவெல சதுப்புக்குள் சுற்றுலாக்காரரைக் கொண்டுபோகும் எஞ்சின் போட்டுகள் அங்கே படகுத்துறையில் நிற்கும். நிமல் என்ற போட்காரரைப் பிடித்து, சைக்கிளை ஏற்றி, கைபிடியில் தொலைபேசியைப் பூட்டிப் பதிவை அழுத்தினான்.

"அய்யே, ஹெமின், ஹெமின்" என்றான். மெதுவாக, சைக்கிள் ஓடுகிற வேகத்துக்கு மேலே போகக்கூடாது என்று விளக்கினான். இடையில் ஒருமுறை நிறுத்தவும் சொன்னான், தண்ணீர் குடிக்கிற மாதிரி.

நிமல் எஞ்சினைக் குறைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "மாத்தயாட்ட பிஸ்ஸுத?" பைத்தியமா என்று இவ்வளவு மரியாதையாக அலவியை ஒருவரும் கேட்டதில்லை.

சைக்கிளோட்டக்காரர்களின் உலகத்தில் எஞ்சின் பூட்டிய ஒன்றில் ஏறியிருந்து பதிவு செய்வதைவிடக் கேவலம் கிடையாது. திரீவீலரில் ஏறிப் பதிவு செய்த ஒருவரைக் கழகம் விலக்கியிருக்கிறது. அவர் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை. அலவிக்கு அது தெரியும். கண்டல் மரங்களுக்கு நடுவே, கொக்குகள் பார்த்திருக்க, அவன் சந்தோஷமாகப் பாவம் செய்தான். வீட்டுக்கு வந்து அந்த ஓட்டத்துக்கு, 'ஒருவருக்கும் சொல்லாத குறுக்குவழி, முதல்தர ரோட்' என்று பெயர் வைத்துச் செயலியில் போட்டான்.

வட்ஸ்அப் மறுநாளே கனைத்தது. சதுப்பை ஊடறுத்துச் செல்லும் இரகசியப் பாதையொன்றைத் தலைவர் கண்டுபிடித்து, தாமே இருமுறை ஓடிப் பார்த்தும்விட்டார். ஸ்ரீஸ்கந்தராசா சுற்று, இரண்டாம் கட்டம். பிரதம விருந்தினர், ஒரு தூதரகத்தின் இரண்டாம் செயலாளர். எல்லோருக்கும் ரோஸ் நிறச் சட்டை, முதுகில் தலைவரின் பெயர். ரோல்ஸ், அலவி.

மர்லியா ரோல்ஸைக் கட்டிக்கொடுத்தாள். "சைக்கிள்ள போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா? மொகம் ஒரு மாதிரியா ஈக்கி."

"ரெண்டும் ஒண்டுதான்."

ஞாயிறு விடிய, நாற்பது முதுகுகளில் தலைவரின் பெயரைச் சுமந்துகொண்டு கழகம் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டது. அலவி வேண்டுமென்றே கடைசியில் வந்தான். தன் கால்வாய், தன் மதகு, தன் நாய்கள் எல்லாம் அந்த ரோஸ் ஊர்வலத்துக்கு வழிவிடுவதைப் பார்த்துக்கொண்டு, சொல்லப்போகும் ஒரேயொரு வசனத்தை வாய்க்குள் தீட்டிக்கொண்டு வந்தான். சதுப்பின் ஓரத்தில் தார் முடிந்து மண் வந்தது. மண் முடிந்து போட்டுத்துறையின் பலகை வந்தது.

"நேர போகவேணும்!" என்று தலைவர் கையை உயர்த்தினார். முன்சில்லு பலகையில் ஏறி, பாசியில் வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்தது. இயற்கையன்னை அவரை முழங்கால்வரை கட்டியணைத்துக்கொண்டாள்.

இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு சப்பாத்து வரவில்லை. நாற்பது பேரும் எதிரே தெரிந்த தண்ணீரைப் பார்த்தார்கள், தலைவரைப் பார்த்தார்கள். அருந்ததி சிரிப்பை அடக்கச் சைக்கிள் சங்கிலியைக் குனிந்து ஆராய்ந்தாள்.

அலவி முன்னால் வந்தான். எத்தனையோ இரவுகள் காத்திருந்த வசனம்.

"என்ன சேர், ரெண்டு தரம் ஓடிப் பாத்த ரோட்தானே?"

தலைவர் குனிந்து முழங்கால் சேற்றை வழிக்கத் தொடங்கினார். வாழ்நாளில் அதுதான் அலவியின் மிக அழகான நிமிடம். அது தண்ணீர்ப் பக்கமிருந்து கேட்ட குரலில் முடிந்தது.

"ஆ, பைசிக்கல் மாத்தயா!" நிமல் போட்டிலிருந்து எழுந்து கையசைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அன்றைக்குப் போல மெதுவாகத்தான் ஓடவேண்டுமா, இத்தனை சைக்கிளுக்கும் இன்னும் போட்டுகள் பிடிக்கவேண்டுமே என்று சிங்களத்தில் சத்தம்போட்டுக் கேட்டார்.

நாற்பது தலைகளும் அலவியிடம் திரும்பின. எல்லோருக்கும் முன்பே கணக்குப் போட்டு முடித்தவர் தலைவர்தான். முப்பது வருடம் காப்புறுதியில் இருந்த மனுசன். விபத்தை இலாபமாக்கத் தெரியாதா?

"அதுதானே!" என்று முழங்கினார், ஒற்றைச் சப்பாத்தோடு. "ஒரு சப்ரைஸா இருக்கட்டும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பாதி நிலம், பாதி நீர்! போட்டுகளை ஒழுங்குபடுத்த அலவியை நான்தான் முன்னமே அனுப்பினனான். என்ன அலவி?"

பிறகு பக்கத்தில் வந்து, சேற்று மணத்தோடு, காதுக்குள் சொன்னார். "இல்லையெண்டா சொல்லும். போட்டில இருந்துகொண்டு என்னத்துக்குப் பதிவு போட்டனீர் எண்டும் சேர்த்துச் சொல்லும்."

அருந்ததி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரீவீலர்க்காரரை விலக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவள் அவள்தான்.

"ஓம் சேர்" என்றான் அலவி.

இரண்டாம் செயலாளர் துள்ளிக் குதித்து முதல் போட்டில் ஏறினார். சதுப்பின் நடுவில் ரோல்ஸ் பரிமாறப்பட்டது. கொக்குகளோடு செல்ஃபி எடுத்தார்கள். கழகத்தின் வரலாற்றிலேயே இப்படியொரு ஞாயிறு வந்ததில்லை என்று போட்டுக்குப் போட்டு கத்திக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் தலைவர் பேசினார். நீர்வழியையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். படகும் ரோல்ஸும் ஒழுங்குசெய்த அலவிக்கு நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை காலை கடைக் கதவு திறந்தது. ஸ்ரீஸ்கந்தராசா உள்ளே வந்து, லாச்சிக்குள் கிடந்த தன் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் அலவியின் பக்கத்தைத் திறந்து மெதுவாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இனி உம்மட ரோட்டுகளை வடிவாப் பாக்கலாம்" என்றார்.

கண்ணாடி அளவாக இருந்தது.