சுகந்தினி டாட் காம்

தனியாகத் தொழில் தொடங்கவிருந்த ஆர்க்கிடெக்ட் சுகந்தினி, பிரிக்பீல்ட்ஸ் சைபர் கஃபேயில் உட்கார்ந்து தன் பெயரிலேயே இணையதள முகவரி பதியப் பார்த்தாள். யாரோ போன வாரமே எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய முதலாளியின் வேலையாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உரிமையாளர் யாரென்று தேடினாள். கிள்ளானில் இருக்கும் தேவேந்திரனின் பெயர் வந்தது. அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை.

உடனே அவனுக்குப் போன் போட்டு, அந்த முகவரியை ஏன் எடுத்தாய் என்று கேட்டாள்.

"சர்ப்ரைஸ் லா! உனக்குத்தான் எடுத்தேன்."

"எனக்குன்னா என் பேர்ல பதிஞ்சிருக்கலாமே?"

"யார் பேர்ல இருந்தா என்ன? கல்யாணத்துக்கு அப்புறம் நீ வேலை செய்வியான்னே தெரியல..."

"யார் சொன்னா?"

"அம்மா சும்மா பேசிக்கிட்டாங்க."

"கல்யாண கார்டு பிரிண்டுக்குக் குடுத்தாச்சா?"

"நாளைக்கு."

"குடுக்காதீங்க. முதல்ல என் பேர என்கிட்ட மாத்திக் குடுங்க."